மளிகைக் கடைக்கு பார்கோடு ஸ்கேனர்: புதிதாக வாங்குபவருக்கு ஒரு வழிகாட்டி

கடைக்கு ஸ்கேனர் வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, எந்தக் கம்பெனி நல்லது என்றுதான். அதற்கு முன் கேட்க வேண்டியது வேறு: உங்கள் கம்ப்யூட்டரில் பொருள் பட்டியல் தயாராக இருக்கிறதா? ஸ்கேனருக்கு விலை தெரியாது. பொருளின் பெயரும் தெரியாது. பாக்கெட்டில் அச்சாகியிருக்கும் எண்ணைப் படித்து, கீபோர்டில் தட்டுவதுபோல் கம்ப்யூட்டருக்கு அனுப்புவதோடு அதன் வேலை முடிந்தது. அந்த எண்ணுக்கு நேராக "கடலை மாவு 500 கிராம், விலை இவ்வளவு, வரி இவ்வளவு" என்று யாராவது முன்பே ஏற்றி வைத்திருந்தால்தான் பில்லில் விழும். இல்லாவிட்டால் 'பீப்' சத்தம் கேட்கும், திரையில் பொருள் இல்லை என்று வரும், பின்னால் வரிசையில் நிற்பவர் முகம் சுளிப்பார்.

நல்ல பட்டியலும் சுமாரான ஸ்கேனரும் இருந்தால் கடை ஓடிவிடும். ஸ்கேனர் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் பட்டியல் சரியில்லை என்றால் ஓடாது.

கோடுகளுக்குள் இருப்பது என்ன

பார்கோடு முதன்முதலாகக் கடை கவுன்டரில் பில்லானது 1974 ஜூன் 26 அன்று. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், டிராய் என்ற ஊரின் மார்ஷ் சூப்பர்மார்க்கெட்டில் ஒரு ஜூசி ஃப்ரூட் சூயிங்கம் பாக்கெட். யோசனை அதைவிடப் பழையது. நார்மன் வுட்லண்டும் பெர்னார்ட் சில்வரும் 1952-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார்கள். மயாமி கடற்கரை மணலில் உட்கார்ந்து மோர்ஸ் தந்தியின் புள்ளிகளையும் கோடுகளையும் விரலால் கீழ்நோக்கி இழுத்துப் பார்த்தபோது வுட்லண்டுக்கு இது தோன்றியது. மலிவான லேசரும் கம்ப்யூட்டரும் வரும்வரை அந்த யோசனை காத்திருக்க வேண்டியதாயிற்று.

நம் கடைகளில் பெரும்பாலும் பார்ப்பது 13 இலக்க வகை. இஏஎன்-13 என்பார்கள். சின்ன பாக்கெட்டுகளில் 8 இலக்க வகையும் வரும். உதாரணத்துக்கு 8901234567890 என்று வைத்துக்கொள்வோம். தொடக்கத்தில் உள்ள 890, அந்த எண்ணை ஒதுக்கியது ஜிஎஸ்1 இந்தியா, அதாவது பார்கோடு எண்களை ஒதுக்கும் ஜிஎஸ்1 என்ற உலக அமைப்பின் இந்தியப் பிரிவு, என்று சொல்கிறது. இலங்கைக்கு 479, சிங்கப்பூருக்கு 888, மலேசியாவுக்கு 955. அடுத்து வருபவை கம்பெனிக்கான எண்ணும் பொருளுக்கான எண்ணும். கடைசி இலக்கம் சரிபார்ப்பு எண்.

இங்கே ஒரு வாட்ஸ்அப் கதையைத் தள்ளிவிடலாம். 890 என்று தொடங்கினால் இந்தியாவில் செய்த பொருள், வேறு எண் என்றால் வெளிநாட்டுச் சரக்கு என்று அடிக்கடி செய்தி சுற்றும். தவறு. கம்பெனி எங்கே பதிவு செய்து எண் வாங்கியது என்பது மட்டுமே அதில் தெரியும். பொருள் எங்கே தயாரானது என்பதை பாக்கெட்டின் பின்புறம் எழுத்தில் படிக்க வேண்டும்.

சரிபார்ப்பு எண்ணை ஒருமுறை கையால் போட்டுப் பார்ப்பது நல்லது. நம் உதாரணத்தில் முதல் 12 இலக்கங்களை இடமிருந்து எண்ணுங்கள். 1, 3, 5 என்று ஒற்றைப்படை இடங்களில் இருப்பவை 8, 0, 2, 4, 6, 8. கூட்டினால் 28. இரட்டைப்படை இடங்களில் 9, 1, 3, 5, 7, 9. கூட்டினால் 34, அதை மூன்றால் பெருக்கினால் 102. இரண்டும் சேர்ந்து 130. அடுத்த முழுப் பத்துக்கு எவ்வளவு தேவையோ அதுதான் கடைசி இலக்கம். 130 ஏற்கெனவே முழுப் பத்து என்பதால் 0. எண்ணைக் கையால் அடிக்கும்போது ஒரு இலக்கம் தவறினால் இந்தக் கணக்கு கட்டாயம் உதைக்கும். பக்கத்து இலக்கங்கள் இரண்டு இடம் மாறினாலும் பெரும்பாலும் பிடித்துவிடும். 1-6, 2-7 போல ஐந்து வித்தியாசமுள்ள ஜோடி மட்டும் தப்பிக்கும்.

சரி, இந்த எண்ணை ஸ்கேனர் எப்படிப் பார்க்கிறது? சிவப்பு ஒளியைக் கோடுகள் மேல் வீசுகிறது. வெள்ளை இடம் ஒளியைத் திருப்பி அனுப்பும், கறுப்பு விழுங்கிவிடும். திரும்பி வரும் ஒளியின் ஏற்ற இறக்கத்தை ஒரு சென்சார் அளந்து, எந்தக் கோடு எவ்வளவு அகலம் என்று கணக்கிடுகிறது. ஒவ்வொரு இலக்கத்துக்கும் ஏழு மெல்லிய பங்கு இடம். அதில் இரண்டு கறுப்புப் பட்டை, இரண்டு வெள்ளைப் பட்டை. இடது பாதியும் வலது பாதியும் வெவ்வேறு முறையில் எழுதப்பட்டிருப்பதால், பாக்கெட்டைத் தலைகீழாகக் காட்டினாலும் எண் சரியாகவே வரும். இரண்டு ஓரங்களிலும் நடுவிலும் சற்று நீளமாகத் தெரியும் மெல்லிய ஜோடிக் கோடுகள் எல்லைக் குறிகள். அவற்றுக்கு வெளியே இரு பக்கமும் இருக்கும் வெற்றிடமும் குறியீட்டின் பகுதிதான். அதன்மேல் விலை ஸ்டிக்கர் ஒட்டினால் கோடுகள் எல்லாம் தெளிவாகத் தெரிந்தாலும் ஸ்கேனர் படிக்காது. புதிதாக வேலைக்கு வரும் பையனுக்கு முதல் நாளே சொல்ல வேண்டிய விஷயம் இது.

ஒளி சிவப்பு என்பதால் இன்னொரு விளைவும் உண்டு. வெள்ளைத் தாளில் சிவப்பு அல்லது ஆரஞ்சு மையில் அச்சடித்த பார்கோடு நம் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும், ஸ்கேனருக்கு வெறும் வெள்ளைத்தாள். பச்சை, நீலப் பின்னணியில் கறுப்புக் கோடு போட்டாலும் தகராறுதான். சொந்த பாக்கெட் அச்சடிக்கக் கொடுப்பவர்கள் டிசைனரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

எதை வாங்குவது

கடையில் மூன்று வகை காட்டுவார்கள். லேசர் வகையில் ஒரு மெல்லிய சிவப்புக் கோடு ஓடும். கொஞ்சம் தூரத்திலிருந்தும் படிக்கும், ஆனால் செல்போன் திரையில் இருப்பதைச் சரியாகப் படிக்காது. எல்இடி வரிசை கொண்ட சிசிடி வகை மலிவானது, பொருளைக் கிட்டக் கொண்டுவர வேண்டும். மூன்றாவது 2டி இமேஜர். உள்ளே சிறிய கேமரா இருக்கிறது. படம் பிடித்துப் படிப்பதால் எந்தக் கோணத்தில் காட்டினாலும் பரவாயில்லை. க்யூஆர் குறியீட்டையும் செல்போன் திரையையும் படிக்கும்.

இப்போது புதிதாக வாங்குபவர் மூன்றாவதையே வாங்கலாம் என்பது என் கருத்து. 2027 இறுதிக்குள் கடை கவுன்டர்கள் க்யூஆர் போன்ற இருபரிமாணக் குறியீடுகளையும் படிக்கத் தயாராக வேண்டும் என்று ஜிஎஸ்1 இலக்கு வைத்திருக்கிறது. மருந்துக் கடை என்றால் யோசிக்கவே வேண்டாம். 2023 ஆகஸ்ட் 1 முதல் 300 மருந்து பிராண்டுகளில் பார்கோடோ க்யூஆரோ கட்டாயம்.

2டி வகையில் ஒரு தொந்தரவும் உண்டு. பல பாக்கெட்டுகளில் பார்கோடுக்குப் பக்கத்திலேயே விளம்பர க்யூஆர் ஒன்று இருக்கும். ஸ்கேனர் அதைப் பிடித்துவிட்டால் பில்லில் பொருளுக்குப் பதிலாக ஒரு நீண்ட இணைய முகவரி வந்து விழும். மளிகை பில்லுக்கு இப்போதைக்கு க்யூஆர் தேவையில்லை என்றால், ஸ்கேனரோடு வரும் கையேட்டில் அதற்கென்று உள்ள குறியீட்டை ஸ்கேன் செய்து க்யூஆர் படிப்பதை நிறுத்தி வையுங்கள். தேவைப்படும் நாளில் திறந்துகொள்ளலாம். கல்லாவில் ஒட்டியிருக்கும் யுபிஐ க்யூஆருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அது வாடிக்கையாளரின் போனுக்கு.

கல்லா மேசையிலேயே பில் போடுவதென்றால் ஒயர் வைத்ததே போதும். 25 கிலோ அரிசி மூட்டையைத் தூக்கி மேசையில் வைக்க முடியாத கடைக்கும், குடோனில் சரக்கு எண்ணுவதற்கும் ஒயர்லெஸ் உதவும். சார்ஜ் போட மறந்தால் சாயங்கால நெரிசலில் கைவிட்டுவிடும் என்பதை நினைவில் வையுங்கள். எதை வாங்கினாலும் ஸ்டாண்டோடு வாங்குங்கள். ஸ்டாண்டில் நிறுத்தி தானாகப் படிக்கும்படி வைத்தால் இரண்டு கையும் பொருளுக்குக் கிடைக்கும்.

இணைத்துச் சோதிப்பது

1. யுஎஸ்பி ஒயரைச் செருகுங்கள். பெரும்பாலான ஸ்கேனர்களுக்குத் தனி மென்பொருள் வேண்டாம். கம்ப்யூட்டர் இதை இன்னொரு கீபோர்டு என்றே எடுத்துக்கொள்ளும்.

2. பில்லிங் சாப்ட்வேரைத் திறப்பதற்கு முன் நோட்பேடைத் திறந்து ஒரு பிஸ்கட் பாக்கெட்டை ஸ்கேன் செய்யுங்கள். எண் வர வேண்டும், கர்சர் அடுத்த வரிக்குப் போக வேண்டும்.

3. எண் வந்து கர்சர் அங்கேயே நின்றால், ஸ்கேனர் கடைசியில் 'என்டர்' அனுப்பவில்லை. கையேட்டில் அதற்கென்று ஒரு குறியீடு இருக்கும். அதை ஸ்கேன் செய்தால் போதும்.

4. வந்த எண்ணையும் பாக்கெட்டில் கோடுகளுக்கடியில் உள்ள எண்ணையும் இலக்கம் இலக்கமாக ஒப்பிடுங்கள். அமெரிக்க இறக்குமதிப் பொருள்களில் 12 இலக்கம்தான் இருக்கும். சில ஸ்கேனர்கள் முன்னால் ஒரு 0 சேர்த்து 13 ஆக்கும், சில சேர்க்காது. கடையில் இரண்டு ஸ்கேனர் இருந்து இரண்டும் வேறு மாதிரி அனுப்பினால், ஒரே பொருள் பட்டியலில் இரண்டு முறை ஏறிவிடும். இரண்டையும் ஒரே அமைப்பில் வையுங்கள்.

5. கம்ப்யூட்டரில் தமிழ்த் தட்டச்சு இயக்கத்தில் இருந்தால் ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். 13 இலக்க எண்ணுக்குப் பெரிய பாதிப்பு வராது. எழுத்தும் எண்ணும் கலந்த லேபிள்கள் மட்டும் விசித்திரமான தமிழாக வந்து நிற்கும். கேப்ஸ் லாக் விழுந்திருந்தால் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் இடம் மாறும்.

கையேட்டில் 'பேக்டரி டிபால்ட்' என்று ஒரு குறியீடு இருக்கும். எல்லா அமைப்பையும் வாங்கிய நிலைக்குக் கொண்டுபோவது அதுதான். அந்தப் பக்கத்தை லேமினேட் செய்து பத்திரப்படுத்துங்கள், ஆனால் கல்லா மேசையில் வைக்காதீர்கள். விளையாட்டாக யாராவது அதன்மேல் ஒளியைக் காட்டினால் ஸ்கேனர் போக்கே மாறிவிடும். லேசர் வகை என்றால் அதைக் குழந்தைகள் கண்ணில் அடிக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லி வையுங்கள்.

பொருள் பட்டியல்

நேரம் பிடிக்கும் வேலை இங்கேதான். கடையில் உள்ள எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் ஏற்றிவிடலாம் என்று கடையைப் பாதி மூடிக்கொண்டு உட்காராதீர்கள். அதிகம் ஓடும் சரக்கிலிருந்து தொடங்குங்கள்: சோப்பு, பிஸ்கட், எண்ணெய், மசாலா பாக்கெட், டீத்தூள். மற்றவற்றை, கம்பெனி வண்டியில் சரக்கு வந்து இறங்கும்போது, கொள்முதல் பில்லைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஏற்றுங்கள். அப்போது வாங்கிய விலை, எம்.ஆர்.பி., ஜிஎஸ்டி விகிதம், வரிக்காகப் பொருளை வகைப்படுத்தும் எச்எஸ்என் எண் எல்லாம் ஒரே தாளில் கண்ணெதிரே இருக்கும். மறுபடி தேட வேண்டாம்.

பெயர் எழுதும் முறையை முதல் நாளே முடிவு செய்யுங்கள். பிராண்ட், பொருள், அளவு என்ற வரிசையில் எப்போதும் ஒரே மாதிரி. ஒருவர் "க.மாவு அரை" என்றும் இன்னொருவர் "கடலைமாவு 500" என்றும் ஏற்றினால் தேடும்போது இரண்டும் சிக்காது. பட்டியலில் புதுப் பொருள் சேர்க்கும் உரிமையை ஒருவரிடம், அதிகமானால் இருவரிடம் மட்டும் வையுங்கள். பில் போடுபவர் அவசரத்தில் "தெரியாத பொருள் 1" என்று ஏற்றிவிட்டுப் போவதை இதனால்தான் தடுக்க முடியும்.

அப்புறம் நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல்: ஒரே பார்கோடு, இரண்டு எம்.ஆர்.பி. கம்பெனி விலையை மாற்றும்போது எண்ணை மாற்றுவதில்லை. அலமாரியில் பழைய விலைச் சரக்கும் புதிய விலைச் சரக்கும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். 2025 செப்டம்பர் 22 அன்று சோப்பு, ஷாம்பு, பற்பசைக்கெல்லாம் ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தபோது இது ஒரே நாளில் எல்லாக் கடைக்கும் வந்த தலைவலி. பட்டியலில் ஒரு எண்ணுக்கு ஒரே விலைதான் வைக்க முடியும் என்ற சாப்ட்வேர் இந்தியக் கடைக்கு ஆகாது. வாங்கும் முன் இதை நேரில் செய்து காட்டச் சொல்லுங்கள்: ஒரே பார்கோடை இரண்டு எம்.ஆர்.பி.யில் ஏற்றி ஸ்கேன் செய்தால், எந்த விலை என்று கேட்கும் பெட்டி திறக்க வேண்டும். பில் போடுபவர் கையில் உள்ள பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். திரையில் முதலாவதாக இருப்பதைக் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தும் பழக்கம் வந்தால், குறைந்த விலை அச்சான பாக்கெட்டை அதிக விலைக்கு விற்றுவிடுவீர்கள். பாக்கெட்டில் அச்சிட்ட எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்குவது சட்ட அளவியல் விதிப்படி குற்றம். கம்ப்யூட்டர் காட்டியது என்பது அங்கே பதிலாகாது.

விலை மாறிய சரக்கு வந்தால், அலமாரி விளிம்பில் ஒட்டியிருக்கும் விலைச்சீட்டையும் அன்றே மாற்றுங்கள். சீட்டில் ஒரு விலை, பில்லில் ஒரு விலை என்று வந்தால் வாடிக்கையாளர் சந்தேகப்படுவது நியாயம்தான்.

எடைபோட்டு விற்பவை, நாமே பொட்டலம் போடுபவை

துவரம் பருப்பு மூட்டையாக வந்து கடையில் அரைக்கிலோ பொட்டலமாக மாறுகிறது. அதற்குப் பார்கோடு நாம்தான் கொடுக்க வேண்டும். 20 முதல் 29 வரை தொடங்கும் எண்கள் கடைக்குள் மட்டும் புழங்குவதற்கென்றே விடப்பட்டவை. எந்தக் கம்பெனிப் பொருளோடும் மோதாது. மனதில் தோன்றிய எண்ணைப் போடாமல் இந்த வரிசையையே பயன்படுத்துங்கள்.

காய்கறி, மிக்சர் போல ஒவ்வொரு முறையும் எடை மாறுகிறவற்றுக்கு லேபிள் அச்சடிக்கும் தராசு இருக்கிறது. அதன் பார்கோடுக்குள் எடையே எழுதப்படும். 2100045007502 என்று ஒரு லேபிள் வந்தால், 21 என்பது எடைப் பொருள் என்ற குறி, 00045 பொருள் எண், 00750 எடை கிராமில், கடைசி 2 சரிபார்ப்பு எண். எந்த இடத்தில் எத்தனை இலக்கம் என்பது ஒவ்வொரு தராசிலும் நாம் அமைத்துக்கொள்வது. தராசிலும் சாப்ட்வேரிலும் அமைப்பு ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று கிராமாக எழுத, மற்றது விலையாகப் படித்தால் 750 கிராம் வெண்டைக்காய் 750 ரூபாய் ஆகிவிடும். அமைத்த உடனே எடை தெரிந்த ஒரு கல்லை வைத்து லேபிள் எடுத்து, பில் வரை கொண்டுபோய்ப் பாருங்கள்.

லேபிள் பிரின்டரைப் பற்றி ஒரு வார்த்தை. ரிப்பன் இல்லாத நேரடித் தெர்மல் லேபிள் மலிவு, ஆனால் வெயிலிலும் எண்ணெய்ப் பிசுக்கிலும் மங்கும். ஒரு மாதத்துக்குள் விற்றுப்போகும் பொட்டலத்துக்கு அது போதும். அதற்கு மேல் நிற்கும் சரக்குக்கு ரிப்பன் வகைதான் சரி. சாதாரண பிரின்டர் ஒரு மில்லிமீட்டருக்கு 8 புள்ளி வைக்கும். லேபிள் டிசைன் செய்யும்போது பார்கோடின் மூலையைப் பிடித்து இழுத்துச் சுருக்கினால் கோடுகள் அரைப் புள்ளியில் வெட்டுப்பட்டு அகலம் குளறுபடியாகும். மெல்லிய கோட்டின் அகலம் 3 புள்ளி என்று அமையுங்கள். 50 மில்லிமீட்டர் அகல லேபிளில் ஓர வெற்றிடத்தோடு தாராளமாக அடங்கும். 38 மில்லிமீட்டர் லேபிள் என்றால் 2 புள்ளிதான் முடியும். கடைக்குள் பெரும்பாலும் படித்துவிடும்.

நீங்கள் தயாரிக்கும் பொடியையோ ஊறுகாயையோ மற்ற கடைகளுக்கும் விற்கப் போகிறீர்கள் என்றால் 20-29 வரிசை உதவாது. ஜிஎஸ்1 இந்தியாவில் பதிவு செய்து சொந்த எண் வாங்க வேண்டும். இணையத்தில் மலிவாக விற்கும் எண்களை நம்பினால் பெரிய சூப்பர்மார்க்கெட்டுகள் சரக்கைத் திருப்பி அனுப்பக்கூடும்.

கல்லாவில் பழக வேண்டியவை

பாக்கெட்டுக்கு நேர் செங்குத்தாக ஒளியைக் காட்டாமல் லேசாகச் சாய்த்துப் பிடியுங்கள். பளபளக்கும் உறையில் ஒளி அப்படியே திரும்பி ஸ்கேனரின் கண்ணைக் கூச வைக்கும். கோடு காட்டும் ஸ்கேனரில் சிவப்புக் கோடு எல்லாப் பட்டைகளையும் குறுக்காகத் தாண்ட வேண்டும். சிப்ஸ் பாக்கெட்டை விரலால் இழுத்துச் சமமாக்குங்கள். ஐஸ்கிரீம் டப்பாவில் பனித்துளியைத் துடைத்துவிட்டுக் காட்டுங்கள்.

ஒரே பொருள் பன்னிரண்டு என்றால் எண்ணிக்கையை அடித்து ஒருமுறை ஸ்கேன் செய்யலாம். விலை ஒன்றுதானே என்று மல்லிகை சோப்பையும் சந்தன சோப்பையும் ஒன்றாகக் கருதி மல்லிகையையே ஐந்து முறை ஸ்கேன் செய்யக் கூடாது. பில் தொகை சரியாக இருக்கும், இருப்பு தவறிவிடும். மாதக் கடைசியில் மல்லிகை குறைவாகவும் சந்தனம் அதிகமாகவும் காட்டும். யார் எடுத்தது என்ற பேச்சு வீணாகக் கிளம்பும்.

நான்கு சோப்பு சேர்த்துக் கட்டிய சலுகை பாக்கெட்டில் கவனம் தேவை. வெளியுறைக்குத் தனி பார்கோடு உண்டு. கண்ணாடி உறை வழியாக உள்ளே இருக்கும் ஒற்றைச் சோப்பின் கோடு தெரிந்தால் ஸ்கேனர் அதைப் படித்து நான்கு சோப்பை ஒரு சோப்பின் விலைக்குக் கொடுத்துவிடும். அட்டைப்பெட்டியின் மேல் உள்ள 14 இலக்க எண்ணும் பில்லுக்கானதல்ல, அது குடோனில் பெட்டிக் கணக்குக்கு. பார்கோடு இல்லாத சாஷே, மிட்டாய் வகைகளுக்கு ஒரு குறியீட்டு அட்டை தயாரித்து கல்லாவில் ஒட்டி, அதைப் பார்த்து ஸ்கேன் செய்வது வேகம்.

'பீப்' கேட்டதும் அடுத்ததை எடுக்காமல் திரையை ஒரு கண் பாருங்கள். சத்தம் வந்ததென்றால் எண் படித்தாகிவிட்டது, அவ்வளவுதான். பில்லில் ஏறியதா, சரியான பொருளா என்பது திரையில்தான் தெரியும்.

படிக்க மறுத்தால்

ஒரு பாக்கெட் மட்டும் படிக்கவில்லை என்றால் நாலைந்து தடவை முயன்று நேரத்தைக் கரைக்காமல், கோடுகளுக்கடியில் உள்ள எண்ணைக் கையால் அடித்துவிடுங்கள். எல்லாமே படிக்கத் திணறினால் ஸ்கேனரின் முன் கண்ணாடியை மெல்லிய துணியால் துடைத்துப் பாருங்கள். மளிகைக் கடையில் மாவும் மிளகாய்த் தூளும் அதில் படிவது சாதாரணம். பீப் வருகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை என்றால் பெரும்பாலும் கர்சர் வேறு பெட்டியில் நிற்கிறது. பில்லிங் பெட்டியில் மவுஸால் ஒருமுறை சொடுக்குங்கள்.

விளக்கு விட்டுவிட்டு எரிகிறது, ஒயரை அசைத்தால் வேலை செய்கிறது என்றால் ஸ்கேனரைப் பழுது பார்க்கக் கொடுக்க அவசரப்பட வேண்டாம். ஒயர் கைப்பிடிக்குள் நுழையும் இடத்தில்தான் முதலில் முறியும். பல மாடல்களில் கைப்பிடியின் அடியில் ஒரு சிறு துளை இருக்கும். பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி அதில் அழுத்தினால் ஒயர் கழன்று வந்துவிடும். உங்கள் மாடலுக்கான ஒயரை மட்டும் தனியாக வாங்கி, 'க்ளிக்' என்று கேட்கும்வரை செருகினால் போதும்.